நாற்பத்தொன்றாவது உவமை

இருபத்திரண்டு வருடங்களாக ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதிப் பிழைக்கிறேன். எழுதுவதோடு சரி, பேசியதில்லை. "மேற்படி விஷயம் தொடர்பாக" என்று கடிதத்தில் கம்பீரமாகத் தொடங்குகிற நான், ஒரு வெளிநாட்டு நோயாளி வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டால் கையைக் காட்டிவிட்டு நழுவிவிடுவேன். பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கிலப் பேச்சு வகுப்பு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்குவதாகவும், ஊழியர்கள் சேர்ந்து பயன்பெறலாம் என்றும் ஒரு சுற்றறிக்கை போகவேண்டியிருந்தது. அதை நானே தட்டச்சு செய்து, நானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டு, நானே போய்ச் சேர்ந்தேன்.

பகலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் அறை அது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் நம் முழங்கால் நம் தாடையை நலம் விசாரிக்கும். சுவரில் சிங்கம், தேனீ, நரி, ஆமை என்று வரிசையாகப் படங்கள். சிங்கத்துக்கு யாரோ ஒரு பிள்ளை மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது. அந்த அறையில் படித்த களை இருந்த ஒரே முகம் அதுதான்.

ஆசிரியரைப் பேராசிரியர் என்று அழைத்தோம். எந்தக் கல்லூரியிலும் அவர் வேலை பார்த்ததாகத் தகவல் இல்லை. முதல் நாள் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டார்; மறுத்துப் பேசுகிற அளவுக்கு எங்களில் யாருக்கும் ஆங்கிலம் போதாது. எந்த வெயிலிலும் கழுத்தில் டை உண்டு. "வீடு வாடகைக்கு" என்று வாசலில் தொங்கும் அட்டையைப்போல அது ஆடிக்கொண்டே இருக்கும்.

அவருடைய சொத்து ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட தாள். "நாற்பது சிறந்த உவமைகள்." ஆளுக்கு ஒன்று தந்தார். சிங்கத்தைப்போல் தைரியம், தேனீயைப்போல் சுறுசுறுப்பு, பனியைப்போல் வெண்மை, நெருப்பைப்போல் சூடு. இந்த நாற்பதும் நாக்கில் இருந்தால் உலகத்தில் எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து பேசலாம் என்றார். நான் நம்பினேன். உறை போட்டுத் தருகிற எதையும் நம்புவது அலுவலகக்காரனின் தொழில் நோய்.

இரண்டாவது வாரம், அவரவர் வேலையிடத்தை உவமையோடு வர்ணிக்கச் சொன்னார். அந்த அறையில் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழாக்கித் தருகிறேன். எங்கள் ஆங்கிலத்தைவிட என் தமிழாக்கம் நன்றாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்தில் உட்காரும் டாக்ஸிக்காரர் எழுந்தார். "என் டாக்ஸி மானைப்போல் வேகம். நான் ஆந்தையைப்போல் ஞானம். என் பயணிகள் ஆட்டுக்குட்டியைப்போல் சாது."

"அருமை," என்றார் பேராசிரியர்.

டாக்ஸிக்காரர் உட்கார்ந்து என் காதில் தமிழில் சொன்னார்: "ஒரே வண்டியில மான், ஆந்தை, ஆட்டுக்குட்டி. போலீஸ்காரன் பார்த்தா பர்மிட் கேப்பான் சார்."

அடுத்து அக்கா. எங்கள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினேழு வருடமாக இருப்பவர். என்னைவிட நாலு வயது இளையவர். இருந்தாலும் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். அது வயதால் வந்ததல்ல, பதவியால் வந்தது. ஆனால் அந்தப் பதவி காகிதத்தில் ஏறவில்லை. ஆறு மாதமாகத் தற்காலிக ஷிப்டுப் பொறுப்பாளர். நிரந்தர ஆணையை நானே தட்டச்சு செய்து நிர்வாகியின் மேசையில் வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. பொறுப்பாளர் என்றால் இயந்திரக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் தெரியவேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் அந்தச் சின்னப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

அக்கா எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "உலர்த்தும் இயந்திரத்திலிருந்து போர்வையை எடுக்கும்போது, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்குவது போல இருக்கும். இறக்கி வைக்கவும் வேண்டும். இறக்கி வைக்க மனசும் வராது."

 டாக்ஸிக்காரர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பேராசிரியர் தாளைப் புரட்டினார். "இது பட்டியலில் இல்லையே. பதினான்காம் எண் பாருங்கள். நெருப்பைப்போல் சூடு."

"நெருப்பு மாதிரி இல்ல சார். நெருப்புன்னா கையில எடுக்கவே முடியாதே," என்றார் அக்கா, தமிழில்.

"இலக்கிய வழக்கு அம்மா அது. நாம மாத்த முடியாது."

அக்கா உட்கார்ந்தார். பதினான்காம் எண்ணுக்கு நேராக ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நானும் பேராசிரியர் பக்கம்தான் தலையாட்டினேன்.

அந்த மாதக் கடைசியில் சலவைப் பிரிவின் பெரிய இயந்திரம் சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு அறை அகலத்துக்கு டிரம் வைத்த இயந்திரம் அது. அறுவை அரங்கிலிருந்து வருகிற துணிகள் எல்லாம் அதில்தான் வேகும். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழுதைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதவேண்டியது அக்கா.

எழுதினார். நாலு வரி. வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் திருத்தக் கொடுத்தார். அவர் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இது என்ன? 'ஒரு கால் செருப்பு அறுந்தவன் நடப்பதுபோல் சத்தம்'. கம்பெனிக்கு எழுதற கடிதத்துல செருப்பா?"

"அப்படித்தான் சார் கேக்குது."

"கேக்கலாம். எழுதக்கூடாது." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். இருபத்திரண்டு வருஷ அனுபவம்."

அந்த இருபத்திரண்டு என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. "செருப்பு வேண்டாம்," என்றேன். "மரியாதைக் குறைவா எடுத்துப்பாங்க."

பேராசிரியர் செருப்பை அடித்தார். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக எழுதினார். இயந்திரம் சிங்கத்தைப்போல் கர்ஜிக்கிறது. இலையைப்போல் நடுங்குகிறது. நெருப்பைப்போல் கொதிக்கிறது. ஒரு கடிதத்தில் மூன்று உவமை. நான் காற்புள்ளிகளைச் சரிபார்த்து, மேலே "மேற்படி விஷயம் தொடர்பாக" என்று முடிசூட்டி, அனுப்பிவைத்தேன். அவ்வளவு அழகான கடிதம் எங்கள் அலுவலகத்திலிருந்து போனதே இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. கம்பெனியின் இன்ஜினியர் அந்தக் கடிதத்தை ரசிக்கவில்லை, நம்பியிருந்தார். கர்ஜனை என்றால் பேரிங் போயிருக்கிறது. நடுக்கம் என்றால் டிரம் அச்சு விலகியிருக்கிறது. கொதிப்பு என்றால் மோட்டார் திணறியிருக்கிறது. இம்மூன்றும் ஒருங்கே வருவது ஒரே காரணத்தால்தான்: அளவுக்கு மீறித் துணி திணித்திருக்கிறார்கள். இது இயக்குபவர்களின் தவறு, உத்தரவாதத்தில் வராது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு அறிக்கையை முடிப்பதாக எழுதியிருந்தார்.

நிர்வாகி அக்காவைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு காகிதம். ஒன்று கம்பெனியின் பதில். இன்னொன்று நான் தட்டச்சு செய்த ஆணை.

"கர்ஜிக்குது, நடுங்குது, கொதிக்குதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே அக்கா."

"சத்தம் அப்படி இல்ல சார்."

"அப்ப ஏன் அப்படி எழுதினீங்க?"

அக்கா பேராசிரியர் பேரையும் சொல்லவில்லை, என் பேரையும் சொல்லவில்லை. ஜன்னல் ஓரமாகக் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த நான், அந்தக் கோப்பையே மூன்று தடவை அடுக்கினேன்.

"வெள்ளிக்கிழமை போன்ல பேசுங்க," என்றார் நிர்வாகி. "அளவு மீறிப் போட்டதுன்னு முடிவாச்சுன்னா இதைக் கிழிச்சுட்டு உங்களைத் துணி மடிக்கிற மேசைக்கு அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

மடிக்கிற மேசை என்பது புதிதாகச் சேருகிறவர்கள் நிற்கும் இடம். பதினேழு வருடத்துக்கு முன் அக்கா முதல் நாள் நின்ற இடம்.

வெளியே வந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று பின்னாலேயே போனேன். அவர் நேராகச் சலவை அறைக்குள் போய்விட்டார். காலி டிரம்மை மெதுவாக ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உள்ளே துணியைத் தூக்கித் தூக்கிப் போடுவதற்கு மூன்று நீளத் தடுப்புகள் இருக்கும். உள்ளே கூடாக இருக்கும் அவற்றை அங்கே விலா என்பார்கள். ஓடவிட்டு, நிறுத்தி, ஒரு விலாவில் சாக்கட்டியால் கோடு போட்டார். மறுபடி ஓடவிட்டார். இப்படி ஒரு மணி நேரம். பிள்ளையின் மூச்சைக் கேட்கிற டாக்டருக்குக்கூட அவ்வளவு பொறுமை இருந்து நான் பார்த்ததில்லை. நான் நின்றதை அவர் கவனிக்கவே இல்லை. மன்னிப்பு என் சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குப் பேராசிரியர் வந்துவிட்டார். நான்தான் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். புது டை. "கவலைப்படாதீங்க. நான் பேசறேன். மொழி ஒரு ஆயுதம்," என்றார். ஆயுதம் எந்தப் பக்கம் சுடும் என்று அவர் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நிர்வாகி ஸ்பீக்கரைப் போட்டார். மறுமுனையில் கம்பெனியின் அந்த இன்ஜினியர், ஒரு பெண் குரல். தூக்கமும் கண்டிப்பும் கலந்த குரல். "கர்ஜனை என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வேகத்தில் வருகிறது?"

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "மதிப்பிற்குரிய அம்மையாரே, அந்தச் சிங்கம் ஒரு அலங்காரச் சிங்கம்."

"மன்னிக்கவும். கர்ஜனை இருக்கிறதா, இல்லையா?"

"இலக்கிய அர்த்தத்தில் இருக்கிறது."

"நீங்கள் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கேட்டீர்களா?"

பேராசிரியர் அந்த இயந்திரத்தைப் பார்த்ததே இல்லை. அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் மேசையைப் பார்த்தோம். டையின் முடிச்சு அவர் தொண்டையோடு ஏறி இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, அந்தக் கடிதத்தின் காற்புள்ளிகள் எல்லாம் என்னுடையவை.

"சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றார் அக்கா. நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொலைபேசிக்கு நேராக உட்கார்ந்தார். பிறகு அந்த உடைந்த ஆங்கிலத்தில், அவசரமே இல்லாமல், பேசத் தொடங்கினார்.

"மேடம், நான் இயந்திரத்தை ஓட்டுகிறவள். கடிதம் தப்பு. சத்தம் சிங்கம் இல்லை. ஒரு மனிதன் நடக்கிறான். ஒரு கால் செருப்பு அறுந்துவிட்டது. இழுக்கிறான், வைக்கிறான். இழுக்கிறான், வைக்கிறான்."

 இணைப்பு போய்விட்டதோ என்று நிர்வாகி குனிந்தார். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதலில் இழுப்பதா, முதலில் வைப்பதா?" என்றது குரல். தூக்கம் கலைந்திருந்தது.

"முதலில் இழுப்பு. அப்புறம் டக் என்று ஒரு வைப்பு."

"ஒரு சுற்றுக்கு எத்தனை முறை?"

"ஒரு சுற்று, ஒரு அடி."

"வேகம் கூடும்போது ஓடுகிறானா?"

"இல்லை மேடம். வேகம் வந்தால் அவன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். சத்தமே இல்லை. இயந்திரம் நிற்கப் போகும்போது இறங்கி மறுபடி நொண்டுகிறான்."

அந்தப் பெண் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. தொலைத்த சாவி கையில் தட்டுப்பட்டவர் சிரிக்கிற சிரிப்பு. "துணி போடாமல் ஓட்டினால்?"

"நன்றாகக் கேட்கும். கல் தரையில் நடக்கிறான். துணி போட்டால் மணலில் நடக்கிறான்."

"அப்படியென்றால் பேரிங் இல்லை. பேரிங்காக இருந்தால் வேகத்தோடு சத்தமும் கூடவேண்டும். அளவு மீறியதும் இல்லை. காலியாக ஓடும்போதும் நொண்டுகிறானே. விலாவுக்குள் ஏதோ ஒன்று விழுந்திருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது வழுக்கிப்போய் இடிக்கிறது. வேகத்தில் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று விலாவில் எது என்று கண்டுபிடிக்க..."

"தெரியும் மேடம். சாக்கட்டிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்."

 "நீங்களே திறந்து பாருங்கள்," என்றது குரல். "நான் இணைப்பிலேயே இருக்கிறேன்."

எல்லோரும் சலவை அறைக்குப் போனோம். நிர்வாகி கைப்பேசியைத் தீபம் மாதிரி ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். மருத்துவமனை மெக்கானிக், அக்கா கோடு போட்டிருந்த விலாவின் திருகுகளைக் கழற்றினார். ஓரத்தில் ஒரு திருகு ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் விரல் நுழைகிற இடுக்கு. தகட்டைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஒல்லியான ஓர் எஃகு இடுக்கி, ரத்தக் குழாயைப் பிடித்து நிறுத்துவார்களே அது, வழுக்கி வந்து டக் என்று தரையில் விழுந்தது.

இழுப்பும் வைப்பும். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அந்த மனிதன் நடந்தது கேட்டது.

நிர்வாகி குனிந்து எடுத்துப் பார்த்தார். பிடியில் அறுவை அரங்கின் எண் பொறித்திருந்தது. துணிக்குள் கருவி இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்கள். அக்காவின் ஷிப்டில் யாரும் ஒரு தலையணை உறைகூட அதிகமாகப் போடவில்லை.

"கண்டுபிடித்தீர்களா?" என்றது கைப்பேசி.

"கண்டுபிடித்தோம் மேடம்," என்றார் அக்கா. "அவன் செருப்பைக் கழற்றிவிட்டான்."

அன்று மாலைக்குள் ஆணையில் கையெழுத்து விழுந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். சட்டைப் பைக்குள் கிடந்த மன்னிப்பையும் கூடவே கொடுத்தேன்.

"விடுங்க அண்ணா," என்றார் அக்கா. "அடுத்த தடவை எழுதும்போது அந்த 'மேற்படி'யை எடுத்துடுங்க. அதைப் படிச்சாலே யாரோ மேல ஏறி நிக்கிற மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து அந்தச் சொல்லை எழுதப் போகும்போதெல்லாம் என் விரல் தயங்குகிறது. இருபத்திரண்டு வருட ஊழியத்தை ஒரே வரியில் ஒருவர் இத்தனை சரியாகச் சொல்லிவிட்டால், கோபப்படக்கூட இடம் இருப்பதில்லை.

பேராசிரியரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மற்றவர்கள் கலைந்த பிறகும் அவர் சலவை அறையில் நின்றிருந்தார். விலாவைத் திருகி மூடி, காலி டிரம்மை ஓடவிட்டபோது, டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு, இயந்திரத்தின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போன ஒரே தருணம் அது. நீடித்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் புதுத் தாள். புது பிளாஸ்டிக் உறை. "நாற்பத்தொன்று சிறந்த உவமைகள்." கடைசி வரியில், தடித்த எழுத்தில்: செருப்பு அறுந்தவன் நடப்பதைப்போல்.

"நம் வகுப்பின் கண்டுபிடிப்பு," என்றார் பேராசிரியர். 'நம்' என்பதில் தன் பங்கைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். "எல்லோரும் ஆளுக்கொரு வாக்கியம். இந்த உவமையைப் பயன்படுத்தவேண்டும்."

டாக்ஸிக்காரர் எழுந்தார். "என் டாக்ஸி செருப்பு அறுந்தவன் நடப்பதைப்போல் வேகம்."

"அருமை."

பின் பெஞ்சுக்காரர் எழுந்தார். "என் மனைவியின் புன்னகை, செருப்பு அறுந்தவன் நடப்பதைப்போல் இனிமை."

"மிக அருமை."

என் முறை வருவதற்குள் அக்கா கையைத் தூக்கினார். இப்போது அவர் நிரந்தரப் பொறுப்பாளர். ஆனாலும் அதே சின்னப் பெஞ்சு, அதே மடங்கிய முழங்கால்.

"சார், இதை எடுத்துடலாம் சார்," என்றார் தமிழில்.

"ஏன்? உங்களுடையதுதானே அம்மா. பெருமைதானே."

"அது அந்த மெஷினுக்கு மட்டும் சார். அதையும் சரி பண்ணியாச்சு."

பேராசிரியர் தாளை மேலிருந்து கீழாக விரலால் தடவினார். நாற்பத்தொன்றில் எதுவும் கைகொடுக்கவில்லை போலும். சுவரில் மூக்குக்கண்ணாடி போட்ட சிங்கம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி," என்றார் கடைசியில். பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே சிவப்புப் பேனாவால் அடித்துப் பார்த்தார். மை ஒட்டவில்லை. இன்னொரு முறை அடித்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டாக்ஸிக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "உங்க டாக்ஸி உண்மையில எப்படி ஓடும்?"

டாக்ஸிக்காரர் மறுபடி எழுந்தார். இந்த முறை தாளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், இல்லாத கியரை ஒரு தடவை மாற்றினார். அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு, கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.